மொட்டைமாடிக்கு ஒரு பென்சில் கணக்கு

மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் குடியிருக்கும் மேல்மாடி அறைகளில், ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும். எவ்வளவு அனல் என்று பென்சிலைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் அழகு.

பரப்பு, வெப்பக் கடத்தல் எண், வெப்பநிலை வித்தியாசம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரை சுமார் 11 சதுர மீட்டர். வெறும் கான்கிரீட் தளத்துக்கு அந்த எண் ஏறத்தாழ 3.5. வெயிலின் தாக்கத்தையும் சேர்த்து வித்தியாசம் 25 டிகிரி என்று வைத்தால், கிட்டத்தட்ட 960 வாட். ஒரு டன் ஏசியின் திறனில் கால் பங்குக்கு மேல் கூரையே விழுங்கிவிடுகிறது!

குடியிருப்புகளுக்கான 2018-ஆம் ஆண்டின் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, கூரையின் எண் 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அப்போது அதே அறைக்குள் இறங்குவது 330 வாட்தான்.

இந்தப் பெருக்கலில் நேரத்துக்கு மட்டும் இடமில்லை. மதிய வெயிலைத் தளம் தேக்கிவைத்து இரவில் விடுவதைக் காட்ட, கட்டடத்தையே மின்சுற்றாக வரைகிறார்கள். 2008-இல் வந்த ஐஎஸ்ஓ 13790 தரநிலையின் எளிய மணிநேர முறையில் வெப்பத்தைத் தடுக்கும் ஐந்து தடைகள், அதைச் சேமிக்கும் ஒரே ஒரு தேக்கி. இவ்வளவு சிக்கனமான படத்துக்குள் ஒரு வீட்டின் இரவுப் புழுக்கம் அடங்கிவிடுவது வியப்புத்தான்.

நம் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி மேலே பதிக்கும் தட்டோடும் இந்தக் கணக்கில் ஒரு தடையே. எண்ணைக் கணிசமாகக் குறைக்கும்; ஆனால் 1.2-ஐத் தொட வெப்பத்தடுப்புப் பலகையும் வேண்டும்.