அரக்கரும் அரைமாந்தரும்: ஒரு விதிநூலின் இனத்தெரிவு

எவரை ஏற்று ஆடலாம், எவரை எதிரே நிறுத்தி வீழ்த்த மட்டுமே வேண்டும் என்பது கதைக்கலை ஒவ்வொன்றும் விடையிறுக்கும் வினாவாகும். பெரும்பாலான படைப்புகள் அவ்விடையைச் சொல்லாமற் சொல்லும். வெளிப்படையாகப் பட்டியலிட்டுச் சொல்லும் நூல்கள் சில. 1974இல் அமெரிக்காவில் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ எனும் விளையாட்டின் விதிநூல் அத்தகையது. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, நடுவர் விரிக்கும் கதையினுள் உரையாடியும் பகடை உருட்டியும் செல்லும் ஆட்டம் இது. 2024இல் திருத்தி வெளியிடப்பட்ட ஆட்டக்காரர் கைந்நூல், ஏற்று ஆடத்தக்க இனங்கள் பத்து என வரையறுக்கிறது. அத்தெரிவு தக்கதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இப்பட்டியல் நிலையாக இருந்ததில்லை. தொடக்கத்தில் மனிதரோடு குள்ளர், எல்ஃப், ஹொபிட் ஆகியோரே இடம்பெற்றனர். மனிதரல்லாதார் உயரக்கூடிய படிநிலைக்கும் வரம்பு இருந்தது. ஓர்க் என்போர் கொல்லப்படுவதற்கென்றே அமைந்த பகைக்கூட்டத்தினர். அரை-ஓர்க் 1978இன் கைந்நூலில் நுழைந்து, 1989இல் நீங்கி, 2000இல் மீண்டது. 2024ஆம் ஆண்டின் நூலோ முழு ஓர்க்கையே ஏற்று ஆடத்தக்க இனமாக்கிவிட்டு, அரை-எல்ஃபையும் அரை-ஓர்க்கையும் பட்டியலினின்று நீக்கியது. பிறப்பினால் வந்த ஆற்றல் மிகைகளை இனத்தினின்று பிரித்து, பாத்திரத்தின் வளர்ப்பும் தொழிலும் சார்ந்த பின்னணியோடு இணைத்தது. மனிதக் குழுக்களை வகுக்க ஆங்கிலத்தில் வழங்கிய பழைய சொல்லைக் கைவிட்டு, உயிரியலார் வழங்கும் சொல்லை மேற்கொண்டது.

இச்சொன்மாற்றம் தமிழில் நிகழ முடியாது என்பது நோக்கத்தக்கது. மாந்தர் குழுவுக்கும் விலங்கின் வகைக்கும் நாம் ‘இனம்’ என்ற ஒரே சொல்லையே ஆள்கிறோம். 1983 யூலையில் கொழும்புத் தெருக்களில் வீடுகளையும் உயிர்களையும் தீக்கிரையாக்கிய வேறுபாட்டுக்கும் அதுவே பெயர். ஆதலின் ஆங்கில வாசகருக்குப் பெயர்மாற்றம் தரும் ஆறுதல் நமக்கில்லை. பெயரை விடுத்துப் பொருளையே நாம் கேட்கவேண்டியுள்ளது: ஓரினத்தைப் பட்டியலிற் சேர்ப்பதால் ஆட்டக்காரனுக்குக் கிட்டுவது யாது?

அவ்வினாவுக்கு நம் நாட்டு மரபே விடை தருகிறது. மருதானையின் டவர் மண்டபம் 1911இல் திறக்கப்பட்டபோது மேடையேறிய முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸின் ‘பண்டுகாபய’. மகாவம்சம் கூறும் பண்டுகாபயன் கதையில் இயக்கர் வெறும் பகைவரல்லர். பெண்குதிரை வடிவில் திரிந்த இயக்கி ஒருத்தி அவனுக்குப் போர்த்துணையாகிறாள். அரசெய்திய பின் அவன் இயக்கருக்கு நகரில் உறைவிடம் வகுத்து, விழாக்காலத்திற் சித்திரராஜன் எனும் இயக்கனோடு சமமான ஆசனத்தில் அமர்கிறான். அதே நூலில் விஜயனின் வருகையோடு அழிக்கப்படுவோரும் இயக்கரே. ஒரே கூட்டத்தார் ஓரிடத்தில் இரையாகவும் பிறிதோரிடத்தில் அயலாராகவும் தோன்றுதல், ‘கொல்லத்தக்கவர்’ என்பது பிறப்பால் அமைந்த இயல்பன்று, கதைசொல்வோர் எடுக்கும் முடிபே என்பதைக் காட்டும்.

தமிழரங்கு இதனை இன்னும் ஆழமாக உணர்ந்தது. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வடமோடிக் கூத்து மரபைத் தழுவித் தயாரித்த ‘இராவணேசன்’, அரக்கர் கோனை அவலநாயகனாக்கியது. இந்த விளையாட்டிலோ அரக்கன் இன்றும் பகைப் பட்டியலிலேயே உள்ளான். 1977இன் விலங்குநூற் சித்திரத்தில் அவன் புலித்தலையுடன் புகைக்குழாய் ஏந்தி வீற்றிருந்தான்; 2025இல் வந்த புதிய பதிப்பிலும் அவன் தீய ஆவியே. நாம் ஐம்பதாண்டுகட்கு முன்னரே ஆடிக் கண்ட பாத்திரத்தை இவ்விதிநூல் இன்னும் வெளியிலிருந்தே நோக்குகிறது.

ஓர்க்குக்கு இடமளித்தமையை இவ்வடிப்படையில் வரவேற்கலாம். பகைவரெல்லாம் அயலாராகிவிட்டால் ஆட்டத்தில் அச்சம் எங்கே எஞ்சும் எனச் சிலர் வினவுவர். இராவணனுக்கு மனம் உண்டெனக் காட்டியமையால் அவன் வாள் மழுங்கிவிடவில்லை. அவன் வீழ்ச்சியின் கனமே மிகுந்தது. அச்சம் உருவத்தினின்றன்று, செயலினின்றே பிறப்பதென்பதைக் கூத்துப் பார்த்தோர் அறிவர்.

ஆயின் அரைமாந்தரை நீக்கியமை பெருங்குறையே. ‘அரை’ என்னும் பெயர் தூய்மை, கலப்பு என்ற நச்சுக் கருத்தைத் தாங்கியதென வடிவமைப்பாளர் அஞ்சியதில் நியாயமுண்டு. பழைய நூல்களினின்று அவற்றை எடுத்தாளவும் தடையில்லை. எனினும் பெயர் தீதெனிற் பெயரை மாற்றுதலே முறை. அப்பெயருக்குரியோரை அகற்றுதல் முறையன்று. சரச்சந்திரரின் ‘சிங்கபாகு’ (1961) நாடகத்தை எண்ணுக. சிங்கத்துக்கும் அரசகுமாரிக்கும் பிறந்த மகன், மாந்தரிடைச் செல்ல விழைந்து, முடிவில் தந்தையைக் கொல்கிறான். அவனை மனிதனென்றோ சிங்கமென்றோ ஒரு கட்டத்துள் அடைத்துவிட்டால் அந்நாடகமே இல்லை. இரு குடிக்கும் உரியவனாகி எக்குடியாலும் முழுதாக ஏற்கப்படாமையே அதன் உயிர்.

பத்து இனங்களும் தனித்தனியே ஒப்புரிமை பெற்று, அவற்றிடையே பிறந்தோர் மட்டும் பெயரற்றுப் போகும் உலகம் நமக்குப் புதியதன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலாயரும் பறங்கியரும் அடுத்தடுத்து வாழும் இந்நகரில், இரு மொழி பேசும் இல்லத்துப் பிள்ளை ‘இனம்’ என்ற கட்டத்தின் முன் பேனாவுடன் தயங்கும் கணத்தை இங்குப் பயில்வோர் பலர் அறிவர். அத்தயக்கத்தை ஆடிப்பார்க்க இடந்தருவதே பாத்திரமேற்கும் கலையின் சிறப்பு. திருத்திய விதிநூல் பகைவனை உள்ளே அழைத்தது. இடையில் நின்றவனை வெளியே அனுப்பியது. அடுத்த திருத்தம் அவனுக்குத் தகுந்த பெயரொன்றைத் தேடித்தருவதாக.