பணம் போய்ச் சேரும் கணக்குக்கு யார் பொறுப்பு?

இணைய மோசடிகளில் இந்தியர்கள் 2023இல் பறிகொடுத்ததாகப் பதிவான தொகை சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடியைத் தொட்டது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் தந்த கணக்கு இது. புகார் கொடுப்பது எளிதானதால் முன்பு வெளிவராத இழப்புகளும் இப்போது பதிவாகின்றன என்று சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் ஒரே ஆண்டில் மும்மடங்காகப் பெருகியதை அது ஒன்றே விளக்கிவிடாது. அரசு சும்மா இருந்த காலமும் அல்ல இது. இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் இருந்தது, புகார் இணையதளம் இருந்தது, 1930 உதவி எண் இருந்தது. யாரை அழைத்தாலும் முதலில் ஒலித்து, மக்களின் பொறுமையைச் சோதித்து, 2025 ஜூனில் ஒருவழியாக நிறுத்தப்பட்ட எச்சரிக்கைக் காலர் ட்யூன் அதற்குப் பின்னால் வந்தது. இத்தனை முயற்சிகள் எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1930 ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. பணம் போனவர் அழைத்ததும் பரிவர்த்தனை விவரம் பொதுத் தளத்தில் ஏறுகிறது. பணம் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. கணக்கில் மிச்சம் இருப்பது முடக்கப்படுகிறது. பணம் அதற்குள் வேறு வங்கிக்குத் தாவியிருந்தால் புகாரும் அங்கே தொடர்கிறது. முன்பு இதே வேலைக்குக் காவல் நிலையத்துக்கும் வங்கிக் கிளைக்கும் வாரக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. 2021இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 2025 ஜூலைக்குள் 5,400 கோடி ரூபாய்க்கு மேல் கைநழுவாமல் தடுத்ததாக அரசு சொல்கிறது. நல்ல சாதனைதான். ஆனால் 2024 என்ற ஓர் ஆண்டின் இழப்பே அதைப் போல நான்கு மடங்கு. யுபிஐயில் பணம் நொடிகளில் நகர்கிறது. பல கணக்குகளாகச் சிதறி, ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ கரைந்துவிடுகிறது. ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி வீடியோ அழைப்பிலேயே நாள்கணக்கில் பிடித்து வைக்கப்படும் முதியவர், தான் ஏமாந்ததை உணர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. புகாருக்குப் பிறகே விழித்துக்கொள்ளும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்த எல்லை உண்டு.

மற்றொரு பக்கம், மக்களின் விழிப்பை நம்பாமல் கட்டமைப்பிலேயே கைவைத்த இடங்களில் பலன் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அழைத்துவிட்டு இந்திய எண்ணைக் காட்டும் போலி அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முதல் 24 மணி நேரத்தில் தடுக்கப்பட்டவை மட்டும் ஏறக்குறைய 1.35 கோடி அழைப்புகள் என்று தொலைத்தொடர்புத் துறை அறிவித்தது. இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009லேயே கட்டாயமாக்கியதும் இந்த வகைதான். அதில் ஒரு விபரீதமும் விளைந்தது. பூட்டு கெட்டியானதும் திருடன் பூட்டை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடமே சாவியைக் கேட்கத் தொடங்கினான். இன்றைய பெரிய மோசடிகள் பலவற்றில் பணத்தை அனுப்புபவர் பாதிக்கப்பட்டவரேதான், தன் கையால், தன் ஓடிபியைப் போட்டு.

சட்டம் அவரைக் கைவிடும் இடமும் இதுவே. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் தவறில்லாமல் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் அவர் புகார் தந்தால் இழப்பு அவர் மேல் விழாது என்றது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, அவர் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைக்குத்தான். மிரட்டலுக்குப் பயந்து அவரே அனுப்பியதற்கு இல்லை. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்ட கணக்கை யோசித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் ‘மியூல்’ கணக்கு: சில ஆயிரத்துக்காக ஒரு மாணவரோ கூலித் தொழிலாளியோ வாடகைக்கு விட்டது. அதைத் திறந்து கொடுத்தது ஒரு வங்கி. மாதம் பத்தாயிரம் புழங்கிய கணக்கில் ஒரே மதியத்தில் லட்சங்கள் வந்து வெளியேறுவதைக் காணக்கூடியதும் அந்த வங்கிதான். ஆனால் அதைக் காணாமல் விட்டதற்கு அது கொடுக்கும் விலை அற்பம். தவறினால் தனக்கு நட்டமில்லை என்றால் கண்காணிப்பில் யார் மனமுவந்து செலவிடுவார்கள்?

பிரிட்டன் இதை மாற்றிப் பார்த்தது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. இதனால் மக்கள் அசட்டையாகிவிடுவார்கள் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. அதனால்தான் அங்கே வங்கிகள் முதல் 100 பவுண்டைப் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு. அப்பட்டமான அலட்சியத்துக்கு இழப்பீடும் இல்லை. திரும்பக் கிடைக்கும் என்று நம்பி வாழ்நாள் சேமிப்பை அந்நியருக்கு அனுப்புகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் கேள்விதான். குற்றவாளியே பாதிக்கப்பட்டவராக வேடமிட்டு இழப்பீடு கேட்பான் என்ற அச்சத்துக்குக் கூடுதல் வலு உண்டு. ஆனால் பணம் போன தடம் முழுவதும் வங்கிகளின் கையில் இருக்கும்போது, அதைச் சரிபார்க்க வங்கியை விடப் பொருத்தமானவர் யார்?

வங்கிகளை நெருக்கினால் அவை கண்மூடித்தனமாகக் கணக்குகளை முடக்கும் என்பதே எனக்குப் பெரிய ஆட்சேபம். இப்போதே அது நடக்கிறது. மோசடிப் பணத்தில் ஒரு துளி வந்து சேர்ந்ததற்காக, எங்கோ ஒரு மாநிலக் காவல்துறையின் கடிதத்தில் சிறு வணிகரின் மொத்தக் கணக்கும் நின்றுபோகிறது. தொகையையும் கால வரம்பையும் குறிப்பிடாமல் முழுக் கணக்கை முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே, தவறாக முடக்கியதற்கும் வங்கிக்கு விலை இருக்க வேண்டும். சந்தேகத் தொகையை மட்டும் சில நாள் நிறுத்தி, காரணத்தை எழுத்தில் தருவது வங்கிகளால் இயலாத காரியமல்ல. இழப்பீட்டு விதி வரத் தாமதமாகலாம். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த வங்கியின் கணக்குகளுக்கு எவ்வளவு மோசடிப் பணம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு 2023 முதல் வங்கிகளின் பெயரோடு வெளியிட்டது. இங்கே 1930க்கு வரும் ஒவ்வொரு புகாரிலும், பணம் சேர்ந்த வங்கியின் பெயர் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது.