புதைத்து வைத்த தாலந்து

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991 மே முதல் நாள் வெளியிட்ட 'சென்டேசிமுஸ் ஆன்னுஸ்' சுற்றுமடலில், நிலத்தைப் போலவே அறிவும் தொழில்நுட்பமும் திறனும் உடைமையாகிவிட்டன என்று சுட்டினார். உடைமை என்றால், இல்லாதார் யார் என்ற வினாவும் உடன் எழும். அதே ஆண்டில் பின்லாந்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டார். மறு ஆண்டே, யாவரும் அதனைப் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் உரிமத்தின்கீழ் அதனைக் கொணர்ந்தார். திருத்தந்தை எழுப்பிய வினாவுக்கு அறியாமலே அளித்த விடை அது எனலாம்.

அவ்விடை நம் பள்ளி வாயிலுக்கும் வந்தது. லினக்சின் அடிப்படையில் இந்திய மொழிகளுக்கென 2007-இல் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' இயங்குதளத்தை வெளியிட்டது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளோடு உதவி பெறும் பள்ளிகளும், ஆகவே நம் பள்ளிகள் பலவும், இடம்பெற்றன. அக்கணினிகளில் விண்டோசோடு பாசும் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் நானறிந்த இளையோரைக் கேட்டேன். பாசைத் திறந்து பார்த்தவர் ஓரிருவரே.

குறை மென்பொருளிலா? 2000-இல் பிரான்சு நாட்டில் புரூனோ குதூவான் தொடங்கிய 'ஜிகாம்பிரி'யைப் பாருங்கள். 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று பிரெஞ்சில் ஒலிக்கும் பெயர். எண், எழுத்து, சதுரங்கம் என நூற்றுக்கு மேற்பட்ட பயிற்சிகள் அதில் உண்டு; சொற்களைப் பல மொழிகளில் ஆக்கித் தந்தவர்கள் தன்னார்வலர்கள். ஆயினும் அது நம் பாடநூலின் வரிசையை அறியாது. குழந்தையிடம் தனியே விட்டால் விளையாட்டாகவே முடிந்துவிடும். வரிசைப்படுத்திக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும்.

அண்டை மாநிலமான கேரளம் இதனை உணர்ந்தது. 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது; நாளடைவில் பாடநூலையும் தேர்வையும் கட்டற்ற மென்பொருளோடு பிணைத்தது. நாமோ விலையில்லை என்பதைக் கண்டோம். உரிமை உண்டு என்பதைக் காணவில்லை. பிழையான தமிழ்ச்சொல் ஒன்றைக் கண்டால் அதைத் திருத்தி அனுப்பும் உரிமை, சிற்றூர் ஆசிரியருக்கும் உண்டன்றோ?

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கத்தை' அச்சிட்டுத் தமிழ் எழுத்தை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளாரின் வழிவந்தவர்கள் நாம். உவமையில் வரும் ஊழியன் தாலந்தைத் திருடவில்லை, வீணாகச் செலவழிக்கவுமில்லை. புதைத்து வைத்தான். தலைவர் அவனிடம் கண்ட குற்றம் அதுவே.