மொத்தக் கரோட்டினாய்டு என்னும் அளவீடு: ஒட்டன்சத்திரத் தக்காளியையும் முருங்கையையும் முன்வைத்து ஒரு திறனாய்வு

திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் சுற்றுவட்டாரச் சமவெளிகளிலிருந்து தக்காளியும் முருங்கையும் வந்து சேர்கின்றன. பெரும்பகுதி கேரளத்திற்குச் செல்கிறது. வரத்து மிகுந்து விலை சரியும் நாட்களில் தக்காளி சாலையோரம் கொட்டப்படுவதும், உடனே ‘மதிப்புக்கூட்டல்’ பற்றிய பேச்சு எழுவதும் வழக்கமாகிவிட்டன. உலர்த்திப் பொடியாக்கலாம், கூழாக்கலாம் என்னும் பரிந்துரைகளுக்குச் சான்றாக முன்வைக்கப்படுவது பெரும்பாலும் ஓர் எண்: 100 கிராமில் இத்தனை மில்லிகிராம் மொத்தக் கரோட்டினாய்டு. அவ்வெண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பது போதிய அளவு வினவப்படவில்லை.

தக்காளியின் லைகோபீனும் முருங்கைக்கீரையின் பீட்டா கரோட்டினும் 40 கார்பன் அணுக்களும் 56 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்டவை. மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. இவை ஒவ்வொன்றும் இரட்டைப் பிணைப்புகளின் திசையமைப்பால் மேலும் பல வடிவ மாற்றியங்களாகப் பிரிகின்றன. எல்லாப் பிணைப்புகளும் மறுபக்க நிலையில் இருப்பின் மூலக்கூறு நீண்டு நேராக நிற்கும் (டிரான்ஸ்). ஒன்று ஒருபக்க நிலைக்குத் திரும்பினாலும் வளைந்துவிடும் (சிஸ்). தமிழகப் பாடநூல்கள் ‘மாற்றியம்’ என்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘சமபகுதியம்’ என்கின்றன. பெயர் எதுவாயினும், ‘மொத்தம்’ என்னும் சொல் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

பச்சைத் தக்காளிப்பழத்தில் லைகோபீனின் 90 விழுக்காட்டுக்கு மேல் டிரான்ஸ் வடிவமே. நேரான இம்மூலக்கூறுகள் படிகமாக அடுங்கிக் கிடப்பதால் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. மனிதக் குருதியிலோ சிஸ் வடிவங்கள் பாதிக்கும் மேல். எண்ணெயுடன் கொதிக்கவைத்த தக்காளிச் சாற்றிலிருந்து லைகோபீன் கூடுதலாக உறிஞ்சப்படுவதை ஸ்டால், சீஸ் ஆகியோர் 1992இல் காட்டினர். வெங்காயம், பூண்டின் கந்தகச் சேர்மங்களும் சிஸ் மாற்றத்தைத் தூண்டுவதால், நல்லெண்ணெயில் நெடுநேரம் வதக்கும் தொக்கு இவ்வகையில் தற்செயலான நல்ல செய்முறை. எனினும் சிஸ் வடிவங்கள் பொதுவாக நிலைப்புத்தன்மை குன்றியவை. சேமிப்பில் டிரான்ஸ் நிலைக்குத் திரும்பும், அல்லது ஆக்சிஜனேற்றமடையும். 5-சிஸ் மட்டும் விலக்கு. கோட்பாட்டுக் கணக்கீடுகளில் அதன் நிலைப்பும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனும் டிரான்ஸை விஞ்சுகின்றன. ஆகவே ‘சூடாக்கினால் நிறமி கெடும்’ என்பதும் ‘சூடாக்கினால் சிறக்கும்’ என்பதும் பாதி உண்மைகளே.

முருங்கையில் கணக்கு தலைகீழாகிறது. கீரைப்பொடியின் மதிப்பு வைட்டமின் ஏ சார்ந்தது. அதற்குத் தேவை டிரான்ஸ் பீட்டா கரோட்டின். எலிச் சோதனைகளின்படி அதன் திறன் 100 எனில் 13-சிஸ் வடிவத்துக்கு 53, 9-சிஸ் வடிவத்துக்கு 38. வெப்பம் முதன்மையாக 13-சிஸைத் தோற்றுவிக்கும். ஒளியோ பச்சையத்தின் துணையுடன் 9-சிஸைப் பெருக்கும். வெயிலில் உலரும் கீரையில் ஒளியும் பச்சையமும் ஒருங்கே இருக்கின்றன. நிழலில் உலர்த்துக என்னும் அறிவுரைக்கு நிறமிச் சிதைவு முதற்காரணம். மாற்றிய மாறுதல் இரண்டாவது காரணம். இரண்டாவது, மொத்த அளவில் ஒருபோதும் தென்படாது. தக்காளியில் ஆதாயமாகும் அதே மாற்றம் முருங்கையில் இழப்பாகிறது என்பதை ஒரே அளவீட்டால் எவ்வாறு உணர்த்த இயலும்?

அளவீட்டு முறையிலும் சிக்கல் உண்டு. சிஸ் வடிவங்கள் டிரான்ஸைவிடக் குறைவாக ஒளியை உறிஞ்சுவதால், ஒற்றை அலைநீளத்தில் அளக்கும்போது வடிவம் மாறியதும் ‘இழப்பு’ என்றே பதிவாகும். ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்குப் பரவலாகக் கையாளப்படும் டி.பி.பி.எச். சோதனை 517 நானோமீட்டரில் நிறமங்குதலை அளக்கிறது. லைகோபீனின் உறிஞ்சு முகடுகளில் ஒன்று 502க்கு அருகில் அமைவதால் குறுக்கீடு தவிர்க்கவியலாதது. சோதனையின் ஊடகமான மெத்தனாலில் கரோட்டின்கள் சரிவரக் கரைவதுமில்லை. அம்முடிவைக் கொண்டு ஒரு பொடியின் தரத்தை விளம்பரப்படுத்துவது ஏற்கத்தக்கதன்று.

மாற்றியங்களைப் பிரிக்க 1994இல் அறிமுகமான சி-30 நிரல் எல்லாக் கல்லூரி ஆய்வகங்களிலும் இருக்க வாய்ப்பில்லை. ஆயினும் கையிலுள்ள நிறமாலைமானியைக் கொண்டே 300 முதல் 550 நானோமீட்டர் வரை முழு நிறமாலையைப் பதிவு செய்யலாம். 340 முதல் 360 வரையிலான பகுதியில் எழும் ‘சிஸ் முகடு’, 13-சிஸ் போன்று நடுவில் வளைந்த வடிவங்களைக் காட்டிக்கொடுக்கும். ஓரத்தில் வளைந்த 5-சிஸ் அதில் சிக்காது. முருங்கைச் சாற்றிலோ பச்சையத்தை முதலில் நீக்கியாக வேண்டும்.