‘குடும்பத்தோடு வந்தவள்’

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடப்பெயர்வு பற்றி ஒரு கேள்வி உண்டு. முன்பு இருந்த ஊரை விட்டு ஏன் வந்தீர்கள்? பதில் சொல்ல ஏழு கட்டங்கள்: வேலை, வியாபாரம், கல்வி, திருமணம், பிறந்தபின் வந்தது, குடும்பத்தோடு வந்தது, மற்றவை. ஓர் ஆளுக்கு ஒரு காரணம்தான். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கும் மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானவர்கள் பெண்கள். பெண்களில் பெரும்பாலோர் ‘திருமணம்’ என்ற கட்டத்தில் அடங்கிவிடுகிறார்கள்.

நான் இங்கே வாசிக்க விரும்புவது ‘குடும்பத்தோடு’ என்ற கட்டத்தை. ஒரே வீடு, ஒரே ரயில், ஒரே நாள். அவன் ‘வேலை’ என்ற கட்டத்தில் ஏறுகிறான். அவள் ‘குடும்பத்தோடு’ என்ற கட்டத்தில், பெட்டி படுக்கைகளுக்குப் பக்கத்தில் ஏறுகிறாள். போன ஊரில் அவள் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கலாம், தையல் கம்பெனியில் பத்து மணி நேரம் நிற்கலாம். ஆனாலும் அவள் வந்த காரணம் மாறாது. கேள்வி கேட்கிற ஊழியரின் பிழை இல்லை இது. அவள் முடிவெடுத்தாளா என்ற கேள்வியே எழாதபடி அந்தக் கட்டத்துக்குப் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கும் இதைத்தான் செய்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பை தாராவிக்குப் போனவர்கள் பல தலைமுறையாக உண்டு. தோல் பதனிடும் வேலைக்கும் பிறகு வேறு பல தொழில்களுக்கும் போனார்கள். அந்தக் கதையை யார் சொன்னாலும் வாக்கியம் ஒரே மாதிரி இருக்கும்: “போனான், காலை ஊன்றினான், குடும்பத்தைக் கூப்பிட்டுக்கிட்டான்.” மூன்று வினைகளுக்கும் எழுவாய் அவன். அவள் செயப்படுபொருளாகக்கூடத் தனியே வருவதில்லை, ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறாள். குழாயடியில் இந்தியும் மராத்தியும் கற்றுக்கொண்டு தண்ணீர் பிடித்து, ஒற்றை அறையை வீடாக்கியவள் யார் என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை.

தமிழில் எழுதப்பட்ட குடிபெயர்வுகளில் மிகப் பேர்பெற்றது சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கற்பின் கதையாகவும் நீதி கேட்ட கதையாகவும் அதைப் படித்துப் பழகியிருக்கிறோம். சோழநாட்டை விட்டுப் பாண்டிய நாட்டுக்குப் போன ஒரு குடும்பத்தின் திட்டமாக அதைப் படித்துப் பாருங்கள். முடிவு கோவலனுடையது. முதலீடு கண்ணகியின் சிலம்பு. புறப்படும் நேரம் விடியுமுன், பெற்றோருக்குத் தெரியாமல். அதற்கு முன்பே கண்ணகி ஒரு கனவு கண்டிருக்கிறாள். ஒரு பெரிய ஊருக்குள் போகிறார்கள், அங்கே கோவலன்மேல் பழி விழுகிறது. அதைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கோவலன் போட்ட திட்டத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

போய்ச் சேர்ந்தால் எங்கே தங்குவது என்பதும் அந்தத் திட்டத்தில் இல்லை. அந்த ஓட்டையை அடைத்தவர்கள் இரண்டு பெண்கள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். ஆயர்குலத்து மாதரி வீடு தருகிறாள். கோவலன் கொலைப்பட்ட பின் மாதரி தீயில் விழுகிறாள், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். பிறர் போட்ட திட்டத்துக்கு இவர்களும் விலை கொடுத்தார்கள்.

என்னைப் பல நாள் விடாமல் பிடித்துவைத்த இடம் கொலைக்களக் காதை. மாதரி தந்த வீட்டில் கண்ணகி சமைத்துப் பரிமாறிய பிறகு கோவலன் மனம் கலங்கிப் பேசுகிறான். நான் எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். கண்ணகி அப்போதுதான் வாய் திறக்கிறாள். நீங்கள் இல்லாத வீட்டில் விருந்தினரைப் பேணவும் அறம் செய்யவும் முடியாமல் போனதை, மாமனார் மாமியார் முன் துயரத்தை மறைத்துச் சிரித்து நின்றதைச் சொல்கிறாள். நீங்கள் நடந்துகொண்டது யாரும் மெச்சும் நடத்தையல்ல என்றும் சொல்கிறாள். மாறாத மனம் எனக்கு, அதனால் எழுந்து வந்தேன் என்று முடிக்கிறாள். இந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துக் கற்புக்குச் சான்றாக மேடையில் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு நடக்கும் நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. புகாரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மதுரையில் கேட்கப்படுகிறது. வந்து சேர்ந்த பிறகு கேட்கிற சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

இது எனக்கு வெறும் இலக்கிய ஆராய்ச்சி இல்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறியை நம்பி வாழும் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் சூரத்துக்குப் போகிற பேச்சு ஓடுகிறது. அவருக்கு அங்கே ஜவுளி வேலை, இங்கே வாங்குவதைவிடக் கூடுதல் சம்பளம். ஒரு நோட்டில் கணக்குப் போட்டிருக்கிறார்: ரயில் டிக்கெட், லாரி வாடகை, வீட்டு முன்பணம், பள்ளிக் கட்டணம். வரவுப் பக்கத்தில் முதல் வரி, ‘நகை’. என் எட்டுப் பவுன். “எல்லாம் நம்ம பிள்ளைக்குத்தானே?” என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. கோவலன்கூட அந்த நேரத்தில் திருந்தி வந்தவன்தான்.

அந்த நோட்டில் இல்லாதவற்றை நான் சொல்கிறேன். ஒன்று, ரேஷன் அட்டை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் அட்டைக்குத்தான் வேறு மாநிலத்தில் தானியம் கிடைக்கும். இங்கே வாங்குகிற பருப்பும் பாமாயிலும் கூட வராது. இரண்டு, 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய். அது தமிழ்நாட்டு அட்டையோடு கட்டப்பட்டது. மூன்று, 2021 முதல் டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லாமல் போகும் வசதி. நான்கு, மகளிர் குழுவில் பல வருடம் தவணை தவறாமல் கட்டிச் சேர்த்த நம்பிக்கை. ஐந்து, என் தையல் மெஷினைத் தேடி வரும் தெருப் பெண்கள். மெஷினை லாரியில் ஏற்றலாம், வாடிக்கையை ஏற்ற முடியாது.

ஆறாவது, என் மகள். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தருவது 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம். அதே போலப் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஒன்பதாம் வகுப்போடு மாநிலம் மாறினால் இரண்டும் போகும். சாதிச் சான்றிதழும் எல்லை தாண்டினால் அதே பலனைத் தராது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பட்டியல் வேறு.

இந்த ஆறையும் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவருடைய வருமானம் அவரோடு நடந்து வரக்கூடியது. எனக்கும் மகளுக்கும் கிடைத்தவை ஊரோடும் மாநிலத்தோடும் ஒட்டியவை. போராடியும் கேட்டும் பெண்கள் பெற்ற உரிமைகள் பலவும் முகவரியை நம்பி இருக்கின்றன. முகவரியை மாற்றும் முடிவோ இன்னொருவர் கையில் இருக்கிறது.

இடம்பெயர்வதற்கு விலை உண்டு என்பது சட்டத்துக்குத் தெரியாததல்ல. ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்துக்குப் போகும் தொழிலாளிக்கு இடப்பெயர்வுப் படி என்று மாதக் கூலியில் பாதியைத் தரச் சொன்னது 1979-ஆம் ஆண்டின் சட்டம். எத்தனை பேருக்கு அது கைக்கு வந்தது என்பது வேறு பேச்சு. பிடுங்கி நடப்படுவது ஒரு இழப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்களே, அதுவே பெரிது. வீட்டையே பிடுங்கி நடுகிறவளுக்கு அப்படி ஒரு சொல்கூட இல்லை.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போனது பல பெண்களுக்கு விடுதலை. தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் கிராமத்திலிருந்து தலித் பெண்கள் நகரத்தின் கூட்டத்துக்குள் போய் நிமிர்ந்திருக்கிறார்கள். மாமியார் வீட்டுக் கண்காணிப்பிலிருந்து தப்பி முதல் சம்பளம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ‘குடும்பத்தோடு வந்தேன்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘வந்தேன்’ என்பார்கள். அந்த ஒற்றை வினைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கோமதி அம்மன் கதையில் அந்த வினை இருக்கிறது. சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காண வேண்டும் என்று அவள் தவம் நின்றாள். ஆடித்தபசு அன்று கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கிறோம். யாரோடும் போனவள் இல்லை அவள், தனக்கு ஒன்று வேண்டும் என்று போனவள். வெளியூர் போகிறவர்கள் அவள் கோயில் புற்றுமண்ணை முடிந்துகொண்டு போவார்கள். மண்ணோடு அந்த வழக்கத்தையும் கொண்டுபோனால் நல்லது.

எங்கள் வீட்டில் முடிவு இன்னும் ஆகவில்லை. நோட்டின் அடுத்த பக்கத்தில் மேலே சொன்ன ஆறையும் எழுதி, அவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். “இதையெல்லாம் முதல்லயே சொல்லலியே” என்றார். “இப்பத்தானே கேக்கீங்க” என்றேன். நகை என்ற வரியை அடித்து, ‘அவள் பங்கு’ என்று மாற்றி எழுதியிருக்கிறோம். பங்கு என்றால் பேச்சிலும் பங்கு. மகளின் பள்ளி முடியும்வரை பொறுக்கலாமா, அவர் மட்டும் போய் வரலாமா, எல்லோருமே போகலாமா என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். புறப்படுவதற்கு முன்னால்.