‘பிராய்லர் பள்ளி’ உருவகமும் கற்றல் உளவியலும்: சேலம், நாமக்கல் உறைவிடப் பள்ளிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் தனியார் உறைவிடப் பள்ளிகளைச் சுட்ட, ‘பிராய்லர் பள்ளி’ என்னும் சொல் பொதுவெளியில் வழங்கி வருகிறது. நாமக்கல் பண்ணைகள் பெரிதும் முட்டைக்கோழிப் பண்ணைகள். கறிக்கோழிக்குப் பெயர்பெற்றது பல்லடம். இப்பொருந்தாமையைவிட, அச்சொல்லில் உறைந்துள்ள கற்றல் கருத்தே வினாவுக்குரியது. மாணவரைத் தீனி உண்ணும் உயிராகவும் அன்றாடத் தேர்வை அத்தீனியாகவும் அது கொள்கிறது. இதனால் உண்மையான குறை மறைந்துபோகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தேர்வும் நினைவும்

அன்றாடத் தேர்வை நெட்டுருக் கற்றல் என ஒதுக்குவது எளிது. ஆயின் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின்னரோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். எனவே அடிக்கடி தேர்வெழுதுதல் தன்னளவில் குறையன்று. பாடநூல் வினாக்களையே மாற்றமின்றிக் கேட்பதுதான் குறை. ஒரு செயலில் பெற்ற பயிற்சி, பொதுக்கூறுகள் உள்ள அளவிற்கே மற்றொன்றிற்கு உதவும் என்பதைத் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901இலேயே காட்டினர். 2017இல் தமிழக மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வுக்கு மாறியபோது, வரி பிறழாமல் விடையெழுதும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் இடையிலான பொதுக்கூறுகள் குறைந்தன.

முன்னறிவின் இழப்பு

பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் வழக்கம் இதனினும் பெரிய குறை. கற்பவர் முன்பே அறிந்திருப்பதுதான் புதிய கற்றலைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி என்பது ஆசுபெல்லின் (1968) நிலைப்பாடு. கரிம வேதியியலின் அடிப்படைகளைப் பதினோராம் வகுப்பில் கல்லாத மாணவர், அடுத்த வகுப்பின் வேதிவினைகளை வெறும் சமன்பாடுகளாகவே மனத்தில் இருத்த இயலும். அவர் மனப்பாடத்தை விரும்பித் தேர்ந்தவர் அல்லர்; பற்றிக்கொள்ள வேறொன்றும் அவருக்குத் தரப்படவில்லை.

முடிவுரை

2017–18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அது புறவலுவூட்டலைச் சார்ந்த தீர்வு. 2025ஆம் ஆண்டின் மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது. மாணவர் சுமை குறைவது வரவேற்கத்தக்கதே. எனினும், பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள் முந்தைய ஆண்டின் அறிவைக் கோராதவரை, பழைய வழக்கம் திரும்புவதற்கு இடமுண்டு. முன்னறிவின்றி விடையளிக்க இயலாத வினாக்களை அமைப்பதே கற்றல் உளவியலுக்கு இசைந்த தீர்வாகும். ஆகவே, பள்ளிகளைக் குறித்த உருவகத்தை விடுத்து, வினாத்தாளைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதே ஆய்வாளர்தம் உடனடிப் பணியாகும்.