தலைப்பும் தடித்த எழுத்தும்

தமிழ் நூல்களை வடிவமைக்கும் டி.டி.பி. அறைகளில் தலைப்பு உருவாகும் விதம் எளிது. வரியைத் தேர்ந்து போல்ட் போட்டு, அளவை 18 ஆக்கி, நடுவில் நிறுத்தினால் வேலை முடிந்தது. கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ கொஞ்சம் தடித்துப்போன இன்னொரு வரி. 40 அத்தியாய நாவலில் தலைப்பின் எழுத்துருவை மாற்றச் சொன்னால் 40 இடத்திலும் கைவைக்க வேண்டும். முதலிலேயே ஸ்டைல் கொடுத்திருந்தால் ஒரே இடத்தில் முடிந்திருக்கும்.

‘இதைப் பெரிதாக்கு’ என்று சொல்லாமல் ‘இது தலைப்பு’ என்று குறித்துவைப்பது 1969இல் ஐ.பி.எம்.மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் குழுவினர் பிடித்த வழி. 1986இல் அது எஸ்.ஜி.எம்.எல். என்ற சர்வதேசத் தரமாயிற்று.

உள்ளடக்கத்தையும் வடிவத்தையும் இப்படிப் பிரிக்காததற்குத் தமிழ் கொடுத்த விலை அதிகம். நம்மிடம் எழுத்துருவே எழுத்தாக இருந்தது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை மாற்றினால் அம்மா காணாமல் போவாள். யூனிகோடு இந்தச் சிக்கலை எழுத்தின் அளவில் தீர்த்தது. பக்கத்தின் அளவில் பழைய கதைதான்.

ஆனால் உள்ளடக்கம் வேறு, வடிவம் வேறு என்பதை வேதமாக எடுத்துக்கொண்டால் கவிதையில் இடறும். ஓலைச்சுவடியில் பாட்டு வரி பிரியாமல் ஓடும். சீரையும் எதுகையையும் பிடித்துப் பதிப்பாசிரியர் அடியைக் கண்டெடுப்பார். யாப்பு தன் அடையாளத்தைத் தானே சுமந்தது. தேரூர்க் கவிமணியின் மரபுப் பாடலைக் கைபேசித் திரை மடித்துப்போட்டாலும் காது சரிசெய்துகொள்ளும். அதே நாஞ்சில் மண்ணில், நாகர்கோவிலில் இருந்து எழுதிய பசுவய்யாவின் ‘நடுநிசி நாய்கள்’ (1975) போன்ற புதுக்கவிதைக்கு அந்தக் காவல் கிடையாது. வரி எங்கே முறிகிறது என்பதற்கு அச்சிட்ட பக்கமே சாட்சி. அதை வெறும் அலங்காரம் என்று உதறினால் மீட்க வழியில்லை.

இதற்காகக் கொள்கையையே கைவிட வேண்டியதில்லை. ‘இது ஓர் அடி’ என்று மூலக்கோப்பிலேயே குறித்துவிடலாம். திரையில் மடிந்த மிச்சம் உள்தள்ளி நிற்கும். சொற்களுக்கிடையே வேண்டுமென்றே பெரிய வெற்றிடம் விட்டுக் கவிதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் பக்கத்தை அப்படியே காட்டும் பிடிஎஃப்தான் நேர்மையானது. உரைநடைக்கு எந்தச் சலுகையும் தேவையில்லை; தாராளமாகப் பிரிக்கலாம்.

பிறகு ஏன் இந்தப் பிரிப்பு நடக்கவில்லை? வடிவமைப்பவரின் அறியாமை என்று சொல்வது சுலபம். எனக்கென்னவோ கூலிக்கணக்குதான் காரணம் என்று படுகிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி வேலை வாங்கினால் அவர் பக்கத்தைத்தான் தருவார். ஸ்டைல் ஒழுங்காகக் கொடுத்த கோப்பின் பலன் மறுபதிப்பின்போதும் மின்னூலின்போதும் பதிப்பகத்துக்கே போகிறது. அதற்கான கூடுதல் உழைப்பு மட்டும் அவருடையது. அச்சுக்குப் போகும் பிடிஎஃபோடு அந்த மூலக்கோப்பையும் கேட்டு, அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பதைப் பதிப்பகங்கள்தான் தொடங்க வேண்டும்.